குச்சி தேர்ந்தெடுத்த முழங்கால்

எங்கள் ஊர் பிராட்டனில் அந்த இலையுதிர்காலத்தில் மூன்று இடங்களில்தான் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், வெள்ளிக்கிழமை மைதானத்தில், வாரம் முழுக்க வெண்டல் ப்ரூட்டின் குச்சிக்கு முன்னால். எதில் பக்தி அதிகம் என்று பாதிரியாரைக் கேட்கலாம் என்றால், அவரும் மூன்றாவது கூட்டத்தில்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வெண்டல் ப்ரூட் தண்ணீர் பார்க்கிறவர். பீச் மரத்துக் கவைக்குச்சியின் இரண்டு கிளைகளையும் இரண்டு உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். குச்சியின் மூக்கு எங்கே குனிகிறதோ அங்கே கிணறு. முப்பது வருஷத்தில் ஒரு கிணறுகூடப் பொய்த்ததில்லை. இதை ஊரே சொல்லும், நானும் சொல்வேன். காரணம், அந்தக் கிணறுகளைத் துளைத்தவன் நான்தான். என் பெயர் ஹோய்ட். வார நாட்களில் ஆழ்துளைக் கிணறு போடுவேன். பள்ளிக்கூட ஆட்டம் நடக்கிற நாளில் மைதானத்தின் ஓரத்தில், பந்து எவ்வளவு முன்னேறியது என்று அளக்கிற பத்து கெஜச் சங்கிலி பிடிப்பேன். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் பிள்ளைகள் மூச்சு வாங்குவது காதில் விழுகிற தூரத்தில் நிற்கலாம்.

கிணறுகள் ஏன் பொய்க்கவில்லை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வேனா?

தண்ணீர் பார்த்த குச்சி கால்பந்துக்கு வந்தது செப்டம்பரில். எங்கள் டெக்சஸ் கால்பந்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடவேண்டும். அப்படி ஓட எங்கள் அணியில் இரண்டு பேர். ரூபன் அல்மாரஸ், கட்டை குட்டையான பையன், குனிந்து இடித்துக்கொண்டு போவான். கேல் ஓல்டம், ஒல்லி, ஒருதரம் திரும்பினால் ஆளைக் காணாது. பயிற்சியாளர் ரேண்டல் ஸ்டிட்ஸ் இருவருக்கும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துவந்தார். இரண்டு ஆட்டம் ஜெயித்தோம், மூன்றாவதில் தோற்றோம். அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது. முடிவெட்டும் கடையில் இரண்டு நாற்காலி. இடது நாற்காலி ரூபன் கட்சி, வலது நாற்காலி கேல் கட்சி. அவசரத்துக்கு மாறி உட்கார்ந்தவன் பாதி முடியோடு எழுந்து போனான்.

அப்போதுதான் கார் வியாபாரி டார்வின் மெக்அடூ காலைச் சிற்றுண்டிக் கடையில் சும்மா கேட்டுவைத்தார். "வெண்டல் அண்ணே, உங்க குச்சிக்கே இத விட்டுட்டா என்ன?"

வெண்டல் சிரிக்கவில்லை. அங்கேதான் அவருடைய திறமை. எழுந்துபோய்க் குச்சியைக் கொண்டுவந்தார். பயிற்சி நேரத்தில் இரண்டு பையன்களையும் நிற்கவைத்து நடுவில் நடந்தார். குச்சி ரூபன் பக்கம் குனிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ரூபன் நூற்றெண்பது கெஜம் ஓடினான்.

அவனுக்கு முன்னால் ஐந்து பையன்கள் பாதை வெட்டிக்கொண்டு போனதை யாரும் பார்க்கவில்லை. மாட்டிறைச்சியிலேயே வளர்ந்த ஐந்து பேர், ஒவ்வொருவனும் நூற்றிருபது கிலோ. அவர்கள் பின்னால் என் மனைவி மளிகைப் பையோடு போனால்கூடப் பதினைந்து கெஜம் போவாள்.

அன்றிலிருந்து வெண்டல் வேதம் சொல்ல ஆரம்பித்தார். "ஊத்து ஒண்ணு, காலு ஒண்ணு. ரெண்டு பேருக்குப் பங்கு வச்சீங்க, ரெண்டும் வத்திப்போகும்." இதைக் கடைக் கண்ணாடிகளில் வெள்ளைச் சாயத்தில் எழுதினார்கள். ஆட்டத்துக்கு முன் வெண்டல் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை மைதானத்தை அளந்து நடப்பார். பேண்டு வாத்தியம் நிற்கும், நான்காயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வெண்டலின் கை பட்ட கவைக்குச்சி வீட்டுக்கு வீடு கதவில் தொங்கியது. குச்சி ஒன்று பதினைந்து டாலர். அவர் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு பீச் மரம். அதிலிருந்து எண்ணூறு குச்சி வந்தது. அது ஒன்றுதான் நான் கண்ணால் பார்த்த அற்புதம். மெக்அடூ அவருக்கு ஓட்டிக்கொள்ள ஒரு புதுப் பிக்கப் வண்டியே கொடுத்துவிட்டார்.

அக்டோபரில் வெளியூர் அணியோடு நடந்த ஆட்டம் ஒன்றில் ரூபனுக்கு நாற்பத்தியொரு தடவை பந்து கொடுத்தார்கள். தட்டுத்தடுமாறி ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசிக் கால்மணி நேரம் அவன் இரண்டு கெஜத்துக்கு மேல் போகவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் வெண்டல் கூட்டத்தைப் பார்த்து வருத்தமாகச் சொன்னார்.

"உங்கள்ல யாரோ மனசுக்குள்ள கேலை நெனச்சிட்டீங்க."

நான்காயிரம் பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். கேலின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற பிள்ளையை நினைத்தது குற்றமாகிப்போயிற்று.

நான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ரூபன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வலது முழங்காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான். முட்டி எது, தொடை எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"மூணு வாரம்."

"கோச்சுகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"குச்சி சொன்னப்புறம் முட்டி வலிக்குதுன்னா, நம்பிக்கை இல்லாதவன்னு சொல்லுவாங்க." துணியை மறுபடி சுற்றினான். "எங்கப்பா பன்னெண்டு வருஷமா மாட்டுப் பட்டியில வேலை பாக்கறாரு. இந்த மாசம்தான் மெக்அடூ சார் அவரப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகுடுத்தாரு. அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

நான் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஏதாவது பதில் சொல்லியிருக்கவேண்டும்.

பதில் சொல்ல ஒருத்தி இருந்தாள். வெர்னா டைகர்ட், எங்கள் மாட்டு டாக்டர். ஐம்பது வயது, முழங்கை வரை மாட்டுக்குள் கைவிட்டுக் கன்று எடுப்பவள், அதனால் எந்த மனிதனின் முகத்தைப் பார்த்தும் கூச்சப்பட்டதில்லை. திங்கட்கிழமை சிற்றுண்டிக் கடையில் ஸ்டிட்ஸ் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் அடுத்த மேஜை.

"கோச், அந்தப் பையன் வலது காலை ஊன்றதே இல்ல. பாத்தீங்களா?"

"பாத்தேன், டாக்டரம்மா."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு நாப்பத்தியொரு தடவை பந்து குடுத்தேன்." ஸ்டிட்ஸ் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "குச்சி சொன்னபடி ஆடித் தோத்தா, குச்சி தோத்துச்சு. நான் சொன்னபடி பங்கு வச்சுத் தோத்தா, மறுநாள் என் வாசல்ல காலி அட்டைப்பெட்டிய அடுக்கி வச்சிட்டுப் போவாங்க, மூட்டை கட்டுடான்னு. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு முப்பது பெட்டி வந்துச்சு."

"பொய் சொல்லாம ஒத்துக்கிட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்."

மெக்அடூ கல்லாப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "டாக்டரம்மா, குதிரைக்கு வைத்தியம் பாருங்க. கால்பந்த எங்களுக்கு விடுங்க."

"முட்டி குதிரைக்கும் முட்டிதான், டார்வின். இப்படி நடக்கிற குதிரைமேல நீங்க சேணம் போட்டா, உங்க கையில இருந்து குதிரைய பிடுங்கிட்டுப் போயிருப்பேன்."

அந்த நேரம் பார்த்து வெண்டல் உள்ளே வந்தார். ஆறு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பரிமாறுகிற பெண் கேட்காமலே முட்டையும் பன்றியிறைச்சியும் வைத்தாள். வெர்னா அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"வெண்டல் அண்ணே, குச்சிக்கு ரூபனை அடையாளம் தெரியுமா?"

"என்னம்மா கேள்வி இது. ஊத்தே அவன் கால்ல இருக்கு."

"அவன் கண்ணுக்குத் தெரியாம இருந்தா?"

"முன்னூறு அடி பாறைக்குக் கீழ இருக்கிற தண்ணியக் கண்டுபிடிக்குது. அஞ்சரை அடிப் பையனைக் கண்டுபிடிக்காதா?"

"அப்போ வியாழக்கிழமை அணிக்கு ஊர் போடற விருந்துல கண்டுபிடிச்சுக் காட்டுங்க. கால்நடைக் கண்காட்சிக் கொட்டகையிலதானே விருந்து? அங்க அவனை மறைச்சு வைக்கிறேன். நீங்க கண்டுபிடிச்சா நான் இந்த ஊர்ல இனி வாயே திறக்கமாட்டேன்."

"அதுக்காகவாவது கண்டுபிடிங்கண்ணே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கண்டுபிடிக்கலைன்னா கோச் ரெண்டு பசங்களுக்கும் பங்கு வைக்கணும். பெட்டி யாரும் அடுக்கக்கூடாது," என்றாள் வெர்னா.

வெண்டல் முட்டையில் மிளகுத்தூளைத் தூவினார். முப்பது வருஷம் தோற்காதவருக்கு வருகிற தாராளம் அவருக்கும் வந்தது. "கொட்டகைக்குள்ள எங்க வேணா வைம்மா. எந்த மூலையில வேணா வை. நான் கண்டுபிடிக்கிறேன்."

வியாழன் சாயங்காலம் கொட்டகையில் நானூறு பேர். நாள் முழுக்கப் புகையில் வெந்த இறைச்சி, பீன்ஸ், பெக்கன் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' என்ற இனிப்பு. ஒரு பக்கம் குதிரை ஏற்றும் இழுவை வண்டிகள் இரண்டு, தார்ப்பாயால் மூடி. மறுபக்கம் வைக்கோல் கட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எங்கள் அணியின் சின்னம் முயல். ஆட்டம்தோறும் முயல் வேஷத்தில் ஒருவர் குதித்து ஆடும் வழக்கம். அன்றும் முயல் வந்தது, குழந்தைகளுக்குக் கைகொடுத்தது, வெண்டலுக்கு வணக்கம் போட்டது. கொட்டகை புழுக்கமாக இருந்ததால் ஒரு காகிதத் தட்டை எடுத்து அவருக்கு விசிறியது. கூட்டம் கைதட்டியது. குச்சிக்கு முயலின் மரியாதை என்றார் மெக்அடூ.

வெண்டல் நடந்தார். முயல் விசிறிக்கொண்டே பின்னால் போனது. முதல் வண்டியின் அருகில் குச்சி நடுங்கியது, வளைந்தது, மூக்கால் தார்ப்பாயைத் தொட்டது. நானூறு பேரும் பெருமூச்சு விட்டார்கள். வெர்னா தார்ப்பாயை விலக்கினாள்.

உள்ளே ஒரு கிடா. அவளிடம் வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியத்தில் இருந்த செனட்டர் என்ற கிடா. அது எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றது.

வெண்டல் அசரவில்லை. "வாளியில தண்ணி வச்சிருக்கீங்க. குச்சி தண்ணியப் பாத்துருச்சு."

கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. நியாயம்தானே என்றார்கள். வெர்னா ஒன்றும் சொல்லாமல் வாளியை வெளியே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். "இப்போ?"

இரண்டாவது வண்டியில் குச்சி இன்னும் பலமாகக் குனிந்தது. தார்ப்பாய் விலகியது. கேல் ஓல்டம் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து மடியில் பெக்கன் பைத் துண்டோடு நிமிர்ந்து பார்த்தான்.

அப்போது நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மெக்அடூ எழுந்தார். "ஊத்து கேலுக்கு மாறிடுச்சு," என்றார். உடனே பாதிக் கூட்டம் எழுந்தது. அப்படியானால் கேலுக்கே முழுசும் கொடுங்கள் என்றார்கள். ரூபனுக்கு இனி ஒரு தடவைகூடக் கொடுக்கக்கூடாது என்றார்கள். இத்தனை வாரமாக ரூபன் படத்தைச் சட்டையில் குத்தியிருந்த ஒருவர் அங்கேயே அதைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எனக்கு முழுசும் வேணாம் சார்," என்றான் கேல், வாய் நிறைய இனிப்போடு. "பத்துப் பதினஞ்சு தடவை போதும். மீதிய ரூபன் ஓடட்டும். இது யார் செஞ்சது, ரொம்ப நல்லா இருக்கு."

"நான் ரூபன் எங்கன்னுதான் கேட்டேன்," என்றாள் வெர்னா. "இன்னொரு தடவை பாருங்கண்ணே. அவசரமே இல்ல."

வெண்டலின் நெற்றியில் வேர்வை. முயல் வேகமாக விசிறியது. அவர் சுற்றிலும் பார்த்தார், மிச்சமிருந்தது வைக்கோல்தான். குச்சியும் அதைத்தான் காட்டியது. எட்டு பேர் பாய்ந்து கட்டுகளைப் பிரித்தார்கள். கடைசிக் கட்டு வரை பிரித்தார்கள். வைக்கோலுக்குள் வைக்கோல்தான் இருந்தது.

அப்போது முயல் தன் தலையைக் கழற்றியது.

ரூபன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். "அண்ணே, அரைமணி நேரமா உங்களுக்குத்தான் விசிறிட்டு இருக்கேன்," என்றான். "கை வலிக்குது."

சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்தது, குழந்தைகள் பக்கம். பெரியவர்களுக்குச் சிரிக்கலாமா என்று இன்னும் தெரியவில்லை. வெண்டல் அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேஷம் போட்டு ஏமாத்தினா குச்சி என்ன பண்ணும்? தண்ணி வேஷம் போடாது. முப்பது வருஷத்துல ஒரு கிணறு பொய்ச்சிருக்கா? ஹோய்ட்டக் கேளுங்க. தோண்டினவன் அவன்தான். கேளுங்க."

நானூறு முகங்கள் என் பக்கம் திரும்பின. ரூபன் முயல் காலோடு ஒரு வைக்கோல் கட்டில் உட்கார்ந்து, வலது காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த முட்டியில் எனக்கும் பங்கு உண்டு. நான் முப்பது வருஷம் வாயைத் திறக்காததால்தான் அந்தக் குச்சிக்கு வாய் வந்தது.

"பொய்க்கல," என்றேன்.

வெண்டல் சிரித்தார்.

"ஆனா குச்சி காட்டின இடத்துல நான் எல்லாத் தடவையும் தோண்டினதும் இல்ல. கரண்டு கம்பி குறுக்க இருந்தா நாப்பது அடி தள்ளித் தோண்டுவேன். வீட்டுக்காரம்மா ரோஜாச் செடி இருக்குன்னா பின்பக்கம் போவேன். ஒரு தடவை வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, இழுக்கச் சோம்பல் பட்டு அங்கேயே துளைச்சேன். எல்லாத்துலயும் தண்ணி வந்துச்சு. ஏன்னா இந்த ஊருக்கு அடியில முழுக்கத் தண்ணி. எங்க குத்தினாலும் வரும். ஆழம்தான் கொஞ்சம் கூடும், குறையும்."

"என் கிணறு எதுல வந்துச்சு?" என்றார் மெக்அடூ.

"உங்களோடதுதான் அந்தச் சேறு."

இந்தத் தடவை பெரியவர்களும் சிரித்தார்கள். வெர்னா வெண்டலின் கையிலிருந்து குச்சியை வாங்கி மெக்அடூவிடம் கொடுத்தாள். "உள்ளங்கை மேல பாக்கப் பிடிங்க. ரெண்டு கிளையையும் வெளிப்பக்கமா நல்லா வளைங்க. இப்ப மணிக்கட்டைத் துளி திருப்புங்க." குச்சி தரையைப் பார்த்துப் பாய்ந்தது. மெக்அடூ தன் கையையே முறைத்துப் பார்த்தார். பாதிரியார் வாங்கிப் பார்த்தார், அவருக்கு இனிப்பு வைத்திருந்த மேஜை பக்கம் குனிந்தது. அதற்கப்புறம் குச்சி கைமாறிக் கைமாறிப் போய், பிறந்த குழந்தையிலிருந்து குளிர்பானப் பெட்டி வரை எல்லாவற்றிலும் ஊற்று கண்டுபிடித்தது.

வெர்னா வரிசையாக உட்கார்ந்திருந்த ஐந்து தடியன்களைக் காட்டினாள். மூன்றாவது தட்டு இறைச்சியில் இருந்தார்கள். "உங்க ஊத்து அதோ இருக்கு. அவனுங்க பாதை வெட்டினா ரூபனும் ஓடுவான், கேலும் ஓடுவான். முப்பது தடவைய ரெண்டு பேர் சுமந்தா ரெண்டு பேருக்கும் முட்டி மிஞ்சும். இதுக்குக் குச்சி எதுக்கு?"

ஐந்து பேரும் திடுக்கிட்டு மெல்லுவதை நிறுத்தினார்கள். அவர்களைப் பற்றி யாரும் மேடையில் பேசி அவர்கள் கேட்டதில்லை.

ரூபனின் அப்பா எழுந்து மகன் அருகில் போனார். குனிந்து முயல் காலின் பித்தான்களை அவிழ்த்து முட்டியைப் பார்த்தார். "இத ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். ரூபன் மெக்அடூவைப் பார்த்தான். மெக்அடூ முதல்முறையாகத் தன் காலணியைப் பார்த்தார்.

பக்கத்து நகரமான அமரில்லோவில் எலும்பு டாக்டர் இரண்டு வாரம் ஓடக்கூடாது என்றார், அதற்குப் பிறகு பாதிச் சுமைதான் என்றார். இரண்டு வாரமும் கேலும் இன்னொரு பையனும் பங்குபோட்டு ஓடினார்கள். யாருக்கும் எதுவும் வற்றவில்லை. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மதியம், தோற்றால் வீடு என்ற ஆட்டம். கேல் பதினாறு தடவை, ரூபன் பதினான்கு. எதிரணி கடைசிக் கால்மணி நேரத்தில் நாக்குத் தள்ளி நின்றபோது ரூபன் என் சங்கிலியைத் தாண்டிப் போனான். மூச்சு வாங்கும் சத்தம் கேட்கவில்லை. போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், படுபாவி. பதினொரு புள்ளியில் ஜெயித்தோம். எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னேன்.

பிக்கப் வண்டி மெக்அடூவின் கடைக்குத் திரும்பிப் போயிற்று. வெண்டல் இப்போது அதே பீச் குச்சிகளைக் கட்டுக் கட்டாக இறைச்சி சுடுகிறவர்களுக்கு விற்கிறார். நல்ல புகை வரும். முதல் தடவையாக அவர் சொன்னபடி நடக்கிற சரக்கு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை மெக்அடூ என் மேஜைக்கு வந்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஹோய்ட், சனிக்கிழமை ஆட்டத்துக்கு டாக்டரம்மா அந்தக் கிடாவக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. கவனிச்சியா?"

"வண்டியில இருந்துச்சு. ஊசி போடக் கொண்டு போனாங்க."

"நம்ம பக்கம் பாத்துத்தான் நின்னுச்சு. அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டுப் பக்கத்துல கட்டி வைக்கலாம்னு நாங்க நாலஞ்சு பேரு பேசினோம். அப்புறம், தெற்கு நெலத்துல ஒரு கிணறு போடணும். எதுக்கும் கிடாவ ஒரு நடை நடக்கவிட்டுப் பாத்துடலாமா?"

"கூட்டிட்டு வாங்க," என்றேன். "அது எங்க புழுக்கை போடுதோ அங்க குத்துறேன், தண்ணி வரும். இந்த ஊர்ல எங்க குத்தினாலும் முன்னூறு அடியில வந்துடும் டார்வின். ஒரே ஒரு இடத்துலதான் இன்னும் எவ்வளவு ஆழம் போகணும்னு தெரியல."

"எந்த இடம்?" என்றார் அவர், அக்கறையாக.

நான் எழுந்து, அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, மேஜைமேல் வைத்து, மண்டையை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.